பொம்மிடியில் ஒரு மனை: ‘ரெண்டு வருஷத்துல டபுள்’ கணக்கு எவ்வளவு உண்மை?

ரியல் எஸ்டேட்டில் முதல் அடி வைக்க நினைப்பவர்களில் பலருக்குச் சென்னையும் பெங்களூருவும் கைக்கு எட்டாது. ஒரு மனை வாங்கவே 30, 40 லட்சம் வேண்டும். அதனால் பார்வை ரயில் நிற்கும் சின்ன ஊர்களின் பக்கம் திரும்புகிறது. தருமபுரி மாவட்டத்தில் அப்படிப் பேசப்படும் ஊர்களில் ஒன்று பொம்மிடி.

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை போகும் ரயில் பாதையில், லோக்கூர் காட்டைத் தாண்டியதும் வரும் முக்கியமான நிறுத்தம் இது. பின்னால் சேர்வராயன் மலை, மலைக்கு அந்தப்பக்கம் ஏற்காடு. காலையில் ரயிலேறி சேலம் போய் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பலாம். பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வெளியூரில் சம்பாதிப்பவர்களுக்கோ ‘நம்ம ஊர்ல ஒரு இடம் இருக்கட்டும்’ என்ற ஆசை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் மனை விற்பவர்கள் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். ‘சார், ஸ்டேஷன் பக்கத்துல. ரெண்டு வருஷத்துல டபுள்.’

டபுள் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதைச் சொல்ல இங்கே யாராலும் முடியாது. ஆனால் வாங்கப்போகும் இடம் சட்டப்படி மனைதானா, அதை நாளைக்கு வேறொருவருக்கு விற்க முடியுமா என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே, போனிலேயே பெருமளவு தெரிந்துகொள்ளலாம். ஆசையில் ஓடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

எது பொம்மிடி?

முதல் குழப்பமே ஊர்ப் பெயரில் இருக்கிறது. விளம்பரத்தில் ‘பொம்மிடி’ என்று இருந்தால் அது ரயில் நிலையத்தைச் சுற்றிய பகுதி என்று நினைத்துக்கொள்கிறோம். அரசுப் பதிவேட்டில் அப்படி இல்லை. பொ.மல்லாபுரம் பேரூராட்சி ஒருபக்கம், சுற்றியுள்ள கிராம ஊராட்சிகள் மறுபக்கம். எல்லாம் பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா. இடம் எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது, எந்த உள்ளாட்சிக்குள் வருகிறது என்பதைப் பொறுத்து வழிகாட்டி மதிப்பு மாறும், கடைசி அனுமதி தரும் அலுவலகம் மாறும், குடிநீர் இணைப்பு யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் மாறும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘சதுர அடி எவ்வளவு?’ அல்ல. ‘எந்த கிராமம், எந்த சர்வே நம்பர்?’ அதைச் சொல்லத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

2016-ல் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் மனை வியாபாரத்தை 2016-க்கு முன், பின் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு விவசாய நிலத்தை வாங்கி, ஜேசிபி விட்டுச் சமப்படுத்தி, வெள்ளைக் கல் நட்டு, ‘நகர்’ என்று பெயர் வைத்து விற்பது சாதாரணம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, அதாவது எல்லோரும் சொல்லும் டிடிசிபி அப்ரூவல், இல்லாமலேயே பத்திரம் பதிவாகிக்கொண்டிருந்தது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஒரு சொல் புழங்கியதே, அது இந்தக் காலத்துச் சரக்கு.

வழக்கறிஞர் ‘யானை’ ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 20 அன்று, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அனுமதி பெறாமல் விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்றி விற்கும் பத்திரங்களைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாநிலம் முழுக்க மனை வியாபாரம் சில மாதங்கள் படுத்துவிட்டது.

2017 மே மாதம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு போடப்பட்ட மனைப்பிரிவுகள் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். கால அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானவற்றை மறுபடி விற்றுப் பதிவு செய்யவும் வழி கிடைத்தது.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ‘சார், இது ஏற்கெனவே பதிவான மனைதான், பிரச்சினையே இல்ல’ என்று சொன்னால் பாதி உண்மைதான். பத்திரம் பதிவாகிவிடும். ஆனால் வரன்முறை செய்யாத மனையில் வீடு கட்ட வரைபட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடன் கிடைக்காது. மறுபடி விற்கும்போது ரொக்கமாகத் தரக்கூடிய ஆள்தான் வர வேண்டும். விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுதான்.

அங்கீகாரம் வேறு, ரெரா வேறு

டிடிசிபி எண் இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். இடத்தில் சாலை எவ்வளவு அகலம், பூங்கா இடம் எங்கே, மனைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதைப் பார்ப்பது டிடிசிபி. அது தொழில்நுட்ப ஒப்புதல் தரும். சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக்கொடுத்த பிறகுதான் பேரூராட்சியோ ஊராட்சியோ இறுதி அனுமதி தரும். தானப் பத்திரம் எழுதாத மனைப்பிரிவில் உங்கள் வீட்டு முன்னால் உள்ள சாலை சட்டப்படி இன்னும் யாரோ ஒருவரின் பட்டா நிலம்!

விற்பவர் பணத்தை என்ன செய்கிறார், சொன்னபடி தருகிறாரா என்பதைப் பார்ப்பது ரெரா. 2016-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், தமிழ்நாட்டில் 2017-ல் விதிகள் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடத் தரக் கூடாது. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 12 சென்ட்தான். ஆக, பத்து மனை போட்டு விற்கும் எவரும் இதற்குள் வந்துவிடுவார். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும்.

‘பாதிப் பணம் இப்போ கட்டுங்க, அப்ரூவல் வந்ததும் கிரயம்’ என்று யாராவது சொன்னால் அது சலுகை அல்ல, சட்டமீறல். ‘பிரீ-லாஞ்ச் ஆஃபர்’ என்ற அழகான பெயரில் வருவதும் இதேதான்.

மாதத் தவணைத் திட்டங்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுக்கத் தவணை வசூலித்த பிஏசிஎல் நிறுவனத்தை, முதலீட்டாளர்களிடம் பணத்தைத் திருப்பித் தரும்படி 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. தொகை சுமார் 49,000 கோடி ரூபாய். 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. தவணை கட்டியவர்களிடம் ரசீது இருந்தது, சர்வே எண் இல்லை.

எட்டுவழிச் சாலை சொல்லித்தந்தது

‘பக்கத்துல பெரிய ரோடு வருது’ என்பது எல்லா ஊரிலும் ஓடும் வசனம். பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவுக்கு அது வெறும் வசனம் அல்ல, நேரில் பார்த்த கதை. 2018-ல் அறிவிக்கப்பட்ட சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய் திட்டம். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்கள் வழியாகப் போவதாக இருந்தது. தருமபுரியில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாக்கள்.

விவசாயிகள் எதிர்த்தார்கள். வயலில் கல் நட்ட காட்சிகள் அந்த வருஷம் தினமும் செய்தியில் வந்தன. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்று சொல்லி, மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க வழிவிட்டது. சாலை மட்டும் வரவில்லை.

முதலீட்டாளர் கண்ணோடு இதைப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அறிவிப்பை நம்பி வாங்கியவருக்குச் சாலை எப்போது வரும் என்பது தெரியாது. ஆண்டுக்கணக்கில் பணம் முடங்கும். இரண்டாவது இன்னும் மோசம்: சாலை வந்தாலும் அது உங்கள் இடத்தின் ‘பக்கத்தில்’ வருமா, ‘மேலேயே’ வருமா? தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3-ஏ அறிவிக்கை என்பது நிலம் எடுக்கும் உத்தேசத்தைச் சொல்வது. அதில் சர்வே எண்கள் இருக்கும். 3-டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும், பிறகு இழப்பீடு மட்டும்தான். பெரிய திட்டம் பேசப்படும் ஊரில் வாங்குமுன் இந்தப் பட்டியலில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு மணி நேர வேலை.

இழப்பீடு என்றதும் இன்னொன்று. முத்திரைத்தாள் செலவைக் குறைக்க, கொடுத்த விலையைக் காட்டாமல் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போடுவது ஊரில் நெடுநாள் பழக்கம். 2013 நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பைக் கணக்கிடும்போது பார்ப்பது வழிகாட்டி மதிப்பையும், சுற்றுவட்டாரத்தில் கடந்த 3 ஆண்டுகளில் பதிவான பத்திரங்களையும்தான். ஊரே குறைத்துப் பதிந்திருந்தால், ஊருக்கே குறைந்த இழப்பீடு. கறுப்பில் கொடுத்த பணத்தை எந்தக் கலெக்டரிடமும் கேட்க முடியாது.

தங்கச்சி கையெழுத்து போட்டாங்களா?

பொம்மிடி சுற்றுவட்டாரம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் மனைப்பிரிவாக மாறும் நிலம் பெரும்பாலும் பூர்வீக நிலம். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். இல்லையென்றால் நான்கைந்து பேர் பெயரில் கூட்டுப் பட்டா. விற்பவர்கள் அண்ணன் தம்பிகள். ‘தங்கச்சிக்குக் கல்யாணத்துல சீர் செஞ்சாச்சு, அவங்களுக்கு பங்கு இல்ல’ என்பார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை வந்தது. 2005-ல் நாடு முழுக்க அந்த உரிமை வந்தது. அப்பா அந்தத் திருத்தத்தின் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்துக்கு, மகளின் உரிமை பிறப்பால் வருவது, அது தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. ஆகவே வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாப் பெயரும் பத்திரத்தில் கையெழுத்தாகவோ, விடுதலைப் பத்திரமாகவோ வந்திருக்க வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும், நீங்கள் வீடு கட்டி முடித்த பிறகுகூட பாகப்பிரிவினை வழக்கு வரலாம். வில்லங்கச் சான்று இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அதில் பதிவான பரிமாற்றங்கள் மட்டும்தான் வரும். பதிவாகாத உரிமைகள் வராது. தாய்ப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் ஒரு வழக்கறிஞர் சேர்த்துவைத்துப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

விவசாயியிடம் பொது அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டு புரமோட்டர் விற்பதும் நடக்கும். அதில் தவறில்லை. ஆனால் அதிகாரம் கொடுத்தவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா, அதிகாரத்தை ரத்து செய்யவில்லையா என்று பார்க்க வேண்டும். உயிர்வாழ் சான்று கேட்பது அதனால்தான். வெறும் அதிகாரப் பத்திரத்தையே கிரயம் மாதிரி கைமாற்றுவது சொத்து மாற்றம் ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பஞ்சமி நிலம், நிபந்தனைப் பட்டா, பூதான நிலம், கோயில் நிலம், ஓடைப் புறம்போக்கு ஆகியவற்றை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடக் கூடாது. ‘ஏ’ பதிவேட்டில் நிலத்தின் வகை எழுதியிருக்கும். அதை ‘எங்கிருந்தும் எந்நேரத்திலும்’ சேவையில் பட்டா, சிட்டாவோடு சேர்த்தே பார்க்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்வையிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பொம்மிடியில் இன்ன விலை என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது தெருவுக்குத் தெரு மாறும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. 1,200 சதுர அடி மனை, சதுர அடி 500 ரூபாய், மொத்தம் 6 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 54,000 ரூபாய். தரகு 2 சதவீதம் என்றால் 12,000. கையிலிருந்து போவது 6.66 லட்சம்.

இதே பணத்தை 7 சதவீத வட்டியில் 5 ஆண்டு வங்கி வைப்பில் போட்டால் சுமார் 9.34 லட்சம் ஆகும். அதாவது மனையை 5 ஆண்டு கழித்துச் சதுர அடி 778 ரூபாய்க்கு விற்றால்தான் நீங்கள் வங்கி வைப்புக்குச் சமமாக வருவீர்கள். விலை 56 சதவீதம் ஏறியும் ‘லாபம்’ பூஜ்ஜியம்! விற்கும்போது மறுபடி தரகு தனி. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி வரம்புப்படி வரி.

பெண்கள் பெயரில் வாங்கினால் கொஞ்சம் மிச்சம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி. மேற்படி மனைக்கு 6,000 ரூபாய். மேம்படுத்திய மனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. யாராவது கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

நாமே லேஅவுட் போட்டால்?

அப்பாவுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது, அல்லது நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு ஏக்கர் வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 40 லட்சத்துக்கு வாங்கினால் சதுர அடி 92 ரூபாய்தானே, 500-க்கு விற்றால் கொள்ளை லாபம் என்று காகிதத்தில் தோன்றும்.

சாலைக்கு 30 சதவீதம் போகிறது என்று வையுங்கள். மீதி 30,492 சதுர அடி. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் என்பதால் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது ஒதுக்கீடு. இடமாகத் தர முடியாதபோது அதற்கு ஈடாகப் பணம் கட்டும் வழியும் விதியில் இருக்கிறது. விற்க மிஞ்சுவது சுமார் 27,400 சதுர அடி. வாங்கிய பத்திரச் செலவையும் சேர்த்தால் அடக்க விலை இப்போதே சதுர அடிக்கு 159 ரூபாய். இதன் பிறகு நில வகை மாற்றக் கட்டணம், வரைபடம், டிடிசிபி ஆய்வுக் கட்டணம், ரெரா பதிவு, சாலை, வடிகால், தெருவிளக்கு, விளம்பரம், தரகு, இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் வாங்கிய பணத்தின் வட்டி.

இந்தத் தொழிலில் தோற்பவர்களைப் பெரும்பாலும் தோற்கடிப்பது நிலத்தின் விலை அல்ல, காலம்தான். அனுமதிக்கு ஆறு மாதம் என்று நினைத்தது ஒன்றரை வருஷம் ஆனால், இரண்டு வட்டிக்கு வாங்கிய பணம் லாபத்தை முழுசாகத் தின்றுவிடும். மாதம் 2 ரூபாய் வட்டி என்பது வருஷத்துக்கு 24 சதவீதம். சொந்த நிலம் வைத்திருப்பவர் தாங்குவார், கடனில் இறங்கும் புதியவர் தாங்க மாட்டார்.

ஃபார்ம் பிளாட், தண்ணீர்

ஏற்காடு மலையடிவாரம் என்று சொல்லி 10 சென்ட், 25 சென்ட் ‘ஃபார்ம் பிளாட்’ விற்பது ஐடி ஊழியர்களைக் குறிவைத்த சமீபத்திய ஃபேஷன். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அதில் தடையில்லை. பெங்களூருவில் இருப்பவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றக் காரணம், கர்நாடகத்தில் 2020 வரை அந்தத் தடை இருந்ததுதான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கு மட்டும் அந்நியச் செலாவணி விதிகள் விவசாய நிலம் வாங்க அனுமதிப்பதில்லை.

ஆனால் அது விவசாய நிலமாகவே இருக்கும். வீடு கட்ட வேண்டுமென்றால் நில வகை மாற்றம் வேண்டும். உள்ளே போகும் பாதை வரைபடத்தில் இருக்கிறதா, அல்லது விற்பவர் கைகாட்டிய வண்டிப்பாதையா? புலப்பட வரைபடத்தைப் பாருங்கள். பாதை யாரோ ஒருவரின் பட்டாவுக்குள் ஓடினால், அவர் வேலி போடும் நாள்வரைதான் அது பாதை.

தண்ணீரையும் விடக் கூடாது. தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பழைய பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். மனைப்பிரிவில் போர்வெல் இருக்கிறது என்றால் அந்தத் தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை கேளுங்கள், காவிரிக் குடிநீர்க் குழாய் அந்தத் தெருவரை வருகிறதா என்று உள்ளாட்சியில் விசாரியுங்கள். கோடையில், ஏப்ரல் மே மாதத்தில், ஒருமுறை இடத்தைப் பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் எல்லா இடமும் பச்சையாகத்தான் இருக்கும்.

பதிவுக்குப் பிறகு

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாற வேண்டும். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் சிக்கல் குறைவு. மனை என்பது உட்பிரிவு, ஆகவே நில அளவையர் வந்து அளந்தால்தான் மாறும். விண்ணப்பித்து, அளக்கும் நாளில் நேரில் இருங்கள். நான்கு மூலையிலும் கல் நட்டு, கல் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருந்தால், வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கோ ஆடிக்கோ ஊருக்கு வரும்போது சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு கல் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.